பழுது பார்த்த கீபோர்டில் புதுப் பழுது: கைபட்ட இடத்திலிருந்து தேடுங்கள்

இசைக் கீபோர்டு ஒன்றைப் பழுது பார்த்து முடித்து, கடைசித் திருகையும் முறுக்கிவிட்டு, சுவிட்சைப் போட்டு முதல் கட்டையை அழுத்துகிறீர்கள். ஒன்றும் கேட்கவில்லை. அல்லது எல்லாம் கேட்கிறது, நடுவில் இரண்டு கட்டைகள் மட்டும் ஊமையாகக் கிடக்கின்றன. அல்லது சத்தம் சரியாக வருகிறது, கூடவே முன்பு இல்லாத ஓர் இரைச்சலும் வருகிறது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் மனம் உடைந்து, "மெயின் ஐ.சி. (முக்கியச் சில்லு) போயிருக்கும்" என்று கருவியை ஓரம் கட்டிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். ஐ.சி. அவ்வளவு சீக்கிரம் போவதில்லை.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த கீபோர்டு திடீரென்று நின்றால் பழுது எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் பழுது பார்த்த கீபோர்டில் புதிதாக ஒன்று கெட்டிருந்தால், அது பெரும்பாலும் கைபட்ட இடத்தில் இருக்கும். இல்லையென்றால் அந்த இடத்துக்குப் போவதற்காக நாம் கழற்றிய ஏதாவது ஒன்றில் இருக்கும். இதை நம்பித் தேடினால் பாதி வேலை குறையும். கீழே சொல்லியிருப்பதெல்லாம் இந்த நம்பிக்கையில் அமைந்த தேடல் வரிசைதான். ஒரு மல்டிமீட்டர், நல்ல ஸ்க்ரூடிரைவர், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், காது குடையும் பஞ்சுக் குச்சி, ஒரு நோட்டு இவை போதும். சால்டரிங் அயர்ன் கடைசியில்தான் தேவைப்படும்.

மூடியைத் திறக்கும் முன்

முதலில் நோட்டை எடுங்கள். பழைய பழுது என்ன, என்ன மாற்றப்பட்டது, எதையெல்லாம் கழற்றினீர்கள், இப்போது என்ன செய்கிறது என்ற நான்கையும் எழுதுங்கள். வேறொருவர் பழுது பார்த்திருந்தால் அவரிடம் கேட்டு எழுதுங்கள். எழுதும்போதே ஒரு விஷயம் தெளிவாகிவிடும்: பழைய பழுதே போகாமல் இருக்கிறதா, புதிய பழுது சேர்ந்திருக்கிறதா? இரண்டுக்கும் தேடும் இடம் வேறு. பழையது அப்படியே இருந்தால் மாற்றிய பாகம் காரணமல்ல என்று பொருள். புதியது வந்திருந்தால் கைபட்ட வழியைப் பிடித்துப் போக வேண்டும்.

அப்புறம், பழுதே இல்லாத பழுதுகளை ஒதுக்குங்கள். மின்சாரத்தை எடுத்து, நினைவு பேட்டரியை மாற்றிய பிறகு கீபோர்டின் அமைப்புகள் எப்படி வேண்டுமானாலும் மாறியிருக்கலாம். எல்லாக் கட்டைகளும் ஒரே அளவு சுருதி தள்ளி ஒலித்தால், சுருதியை மொத்தமாக ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸைப் பாருங்கள். கொஞ்சம் மட்டும் தள்ளியிருந்தால், சுருதியை நுட்பமாக அமைக்கும் மாஸ்டர் டியூன் 440 ஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். டெமோ பாட்டு ஒலிக்கிறது, கட்டைகள் மட்டும் பேசவில்லை என்றால், கட்டைகளை உள்ளிருக்கும் ஒலியோடு இணைக்கும் 'லோக்கல் கன்ட்ரோல்' அணைந்திருக்கலாம். எல்லா ஸ்வரங்களும் விட்ட பிறகும் இழுத்துக்கொண்டே இருந்தால் சஸ்டெயின் பெடலைக் கழற்றிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். பெடல்களில் இரண்டு வகை உண்டு: மிதித்தால் இணைவது, மிதித்தால் பிரிவது. தவறான வகை மாட்டியிருந்தால் மிதிக்காதபோது இழுக்கும், மிதித்தால் நிற்கும். கடைசியாக ஃபேக்டரி ரீசெட். ஆனால் நீங்களே உருவாக்கி வைத்த ஒலிகள் உள்ளே இருந்தால், அவற்றை மிடி (இசைக்கருவிகளும் கணினியும் செய்தி பரிமாறும் முறை) வழியாகக் கணினிக்கு எடுத்து வைத்த பிறகே ரீசெட் செய்யுங்கள். போனால் திரும்பாது.

உயிருக்கு முதலிடம்

அடாப்டரில் ஓடும் சிறிய கீபோர்டு என்றால் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் இருக்காது. நேரடியாகச் சுவர் மின்சாரம் உள்ளே போகும் சின்தசைசர் என்றால் கதையே வேறு. 230 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் ஸ்விட்ச் மோட் பவர் சப்ளையில், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கப்பாசிட்டரில் ஏறத்தாழ 325 வோல்ட் டி.சி. நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் நிற்கும். மீட்டரை வைத்து அது இறங்கிவிட்டதா என்று அளந்து பார்க்காமல் அந்தப் பக்கம் விரலைக் கொண்டுபோகக் கூடாது. இதில் அனுபவம் இல்லாதவர்கள் பவர் சப்ளைப் பகுதியை அனுபவம் உள்ளவரிடம் கொடுத்துவிட்டு மற்றதைத் தாங்கள் பார்ப்பதே சரி. இதை முழு மனதோடு சொல்கிறேன்.

இன்னொன்று, ஐ.சி.க்களைத் தொடும் முன் உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்க வேண்டும். மணிக்கட்டுப் பட்டை இருந்தால் கட்டிக்கொள்ளுங்கள். கம்பளி உடையோடு, கம்பளத்தின் மேல் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

கீபோர்டைப் பிளந்து பாருங்கள்

உடைக்கச் சொல்லவில்லை, மனதில் பிளக்கச் சொல்கிறேன். எந்த கீபோர்டையும் நான்கு பகுதிகளாகப் பார்க்கலாம்: மின்சாரம் தரும் பகுதி, கட்டைகளும் பட்டன்களும் உள்ள பகுதி, யோசிக்கும் மூளை, ஒலியை வெளியே கொண்டுவரும் பகுதி. பழுது எந்தப் பகுதியில் என்று மூடியைத் திறக்காமலே பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதற்கு மிடி உதவும்.

1983-இல் வந்த மிடி இன்றும் பெரும்பாலான கீபோர்டுகளில் இருக்கிறது, பலவற்றில் யு.எஸ்.பி. வழியாக. கீபோர்டைக் கணினியோடு இணைத்து, வரும் செய்திகளைக் காட்டும் ஏதாவது ஒரு மிடி மானிட்டர் மென்பொருளைத் திறந்து வையுங்கள். கட்டையை அழுத்தினால் திரையில் ஸ்வர எண்ணும் அழுத்தத்தின் அளவும் வர வேண்டும். நடு ஸி என்றால் 60. அழுத்தம் 1 முதல் 127 வரை. திரையில் எண் வருகிறது, ஸ்பீக்கரில் ஒலி இல்லை என்றால் கட்டைகளும் மூளையும் நலம். கோளாறு ஒலிப் பகுதியில். திரையிலேயே வரவில்லை என்றால் கட்டைப் பகுதி. இப்போது எதிர்த்திசையில், கணினியிலிருந்து ஸ்வரங்களை அனுப்பிப் பாருங்கள். ஊமையாக இருக்கும் அதே ஸ்வரம் கணினி அனுப்பும்போது ஒலித்தால், ஒலி உருவாக்கும் பகுதி குற்றமற்றது. மிடி இல்லாத கருவி என்றால் டெமோ பாட்டு இந்த வேலையைப் பாதியளவு செய்யும்.

இங்கே ஐந்து நிமிடம் செலவிட்டால் பின்னால் இரண்டு மாலைகள் மிஞ்சும்.

ஆன் ஆகவே இல்லையா?

அடாப்டரிலிருந்து தொடங்குங்கள். மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: வோல்ட், ஆம்பியர், துருவம். பழைய கேஸியோ கீபோர்டுகள் பலவற்றுக்கு 9 வோல்ட், நடு முனை மைனஸ். யமஹா கீபோர்டுகள் பலவற்றுக்கு 12 வோல்ட், நடு முனை பிளஸ். பிளக் ஒன்று மற்றொன்றில் நுழைந்துவிடும் என்பதால், பழுது பார்த்த மேசையில் கிடந்த வேறு அடாப்டரைச் செருகிச் சோதித்த கீபோர்டுகள் எத்தனையோ அங்கேயே செத்திருக்கின்றன. கீபோர்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் சின்னத்தையும் அடாப்டரில் இருப்பதையும் ஒப்பிடாமல் செருகவே கூடாது. தப்பான துருவம் போயிருந்தால், நுழைவாயிலில் இருக்கும் பாதுகாப்பு டையோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) ஷார்ட் ஆகியிருக்கும் அல்லது ஃபியூஸ் போயிருக்கும். அவை தங்களைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றியிருக்கலாம் என்பதால் நம்பிக்கையோடு அவற்றைத்தான் முதலில் பாருங்கள்.

டிரான்ஸ்பார்மர் வகைப் பழைய அடாப்டரைச் சும்மா அளந்தால், 9 என்று எழுதியிருந்தாலும் 12, 13 காட்டும். அது கோளாறு அல்ல, சுமை இல்லாததால் ஏறி நிற்கிறது. கீபோர்டில் செருகி, ஆன் செய்த நிலையில் உள்ளே அளப்பதுதான் உண்மையான அளவு. அப்போது 5, 6 வோல்டுக்குச் சரிந்தால் அடாப்டர் சோர்ந்துவிட்டது, அல்லது உள்ளே ஏதோ அதிகமாகக் குடிக்கிறது. அடாப்டர் செருகும் சாக்கெட்டையும் ஆட்டிப் பாருங்கள். ஆயிரம் முறை செருகி எடுத்ததில் அதன் கால்களில் இருக்கும் ஈயம் வளையமாக விரிசல் விட்டிருக்கும். இதைத்தான் டிரை சால்டர் என்கிறோம்.

சாக்கெட் வரை மின்சாரம் வந்துவிட்டதென்றால், வோல்ட்டை ஒரே அளவில் நிறுத்தும் ரெகுலேட்டர்களுக்குப் போங்கள். ஆன் செய்யும் முன், மீட்டரை ஓம் அளவில் வைத்து 5 வோல்ட் தடத்துக்கும் சுற்றின் பூஜ்ய வோல்ட் தடமான கிரவுண்டுக்கும் நடுவே பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் ஷார்ட், மின்சாரம் கொடுக்காதீர்கள். ஷார்ட் இல்லையென்றால் ஆன் செய்து அளக்கலாம். 7805 ரெகுலேட்டரின் எழுத்துகள் நம்மைப் பார்த்தபடி இருந்தால் இடமிருந்து உள்ளீடு, கிரவுண்டு, வெளியீடு. வெளியீட்டில் 4.8 முதல் 5.2 வோல்ட் வரை இருக்க வேண்டும். உள்ளீட்டில் குறைந்தது 7 வோல்ட் இல்லாவிட்டால் அது 5-ஐத் தர முடியாது. 7905 போன்ற மைனஸ் ரெகுலேட்டரில் கால்களின் வரிசையே வேறு: கிரவுண்டு, உள்ளீடு, வெளியீடு. இதை மறந்து ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தவர்கள் உண்டு.

பழுது பார்த்த கருவிகளில் மட்டும் வரும் ஒரு கோளாறு இங்கே இருக்கிறது. 79 வரிசை ரெகுலேட்டரின் முதுகில் உள்ள உலோகத் தகடு கிரவுண்டு அல்ல, மைனஸ் உள்ளீட்டோடு இணைந்தது. அதனால்தான் சூட்டை இறக்கும் ஹீட்சிங்குக்கும் அதற்கும் நடுவே ஒரு மைக்கா தாளோ ரப்பர் தாளோ வைத்திருப்பார்கள். கழற்றும்போது அந்தத் தாள் கீழே விழுந்திருக்கும். மாட்டும்போது நினைவு வராது. திருகை முறுக்கியதும் மைனஸ் சப்ளை முழுவதும் கருவியின் உலோக உடம்போடு ஷார்ட். புதிய கப்பாசிட்டர் போட்டிருந்தால் அதன் துருவத்தையும் இப்போதே பாருங்கள். கப்பாசிட்டரின் உடம்பில் உள்ள பட்டை மைனஸ் காலைக் காட்டும். ஆனால் போர்டில் சில தயாரிப்பாளர்கள் பிளஸைக் குறிப்பார்கள், சிலர் மைனஸைக் குறிப்பார்கள். பக்கத்தில் இருக்கும் பழைய கப்பாசிட்டரைப் பார்த்துத்தான் அந்தப் போர்டின் வழக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரிப்பன் கேபிள் என்னும் பெரிய சந்தேகம்

மின்சாரம் சரி, விளக்கு எரிகிறது, ஆனால் திரை வெறுமையாக இருக்கிறது. அல்லது ஒரு பக்கப் பட்டன்கள் மட்டும் வேலை செய்யவில்லை. அல்லது கட்டைகள் ஒரு கூட்டமாக ஊமை. இதெல்லாம் கேபிள் சொல்லும் செய்தி. ஒவ்வொரு கேபிளையும் கழற்றி மறுபடி செருகுங்கள். இழுத்து ஆட்டிப் பார்ப்பது போதாது. தட்டையான பிளாஸ்டிக் கேபிள்களில் இரண்டு வகை சாக்கெட் உண்டு. ஒன்றில் பூட்டைத் தூக்கி, கேபிளை உள்ளே விட்டு, பூட்டை அமுக்க வேண்டும். இன்னொன்றில் பூட்டே கிடையாது. பூட்டு உள்ளதில் பூட்டைத் தூக்காமல் திணித்தால் உள்ளே இருக்கும் சிறு ஊசிகள் வளைந்துவிடும். கேபிளின் செப்புப் பக்கம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதும் முக்கியம். கழற்றும் முன் படம் எடுத்து வைத்திருந்தால் இப்போது நிம்மதி. எடுக்கவில்லை என்றால், சாக்கெட்டின் உள்ளே ஊசிகள் எந்தப் பக்கம் தெரிகின்றனவோ செப்பு அந்தப் பக்கம் பார்க்க வேண்டும்.

கேபிள் நேராக இறங்கியிருக்கிறதா என்று கண்ணை அந்த உயரத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு முனை அரை மில்லிமீட்டர் தூக்கியிருந்தாலும் அந்த ஓரத்துத் தடங்கள் தொடாது. சந்தேகம் இருந்தால் மீட்டரின் பீப் ஒலியை வைத்து ஒவ்வொரு தடத்தையும் கேபிளின் இரு முனையிலும் தொட்டுப் பாருங்கள். தொடும்போதே கேபிளை மெல்ல வளையுங்கள். மடிப்பு விழுந்த இடத்தில் தடம் அறுந்திருந்தால் வளைக்கும்போது பீப் விட்டு விட்டு வரும்.

கட்டைகள்

இங்கே கொஞ்சம் நிதானமாக உட்கார வேண்டும். பழுது பார்த்த கீபோர்டில் அதிகம் மிஞ்சுவது கட்டைப் பழுதுதான். பொறுமை இருப்பவர் வீட்டிலேயே முழுதாகச் சரிசெய்யக்கூடியதும் அதுவே.

இன்றைய பெரும்பாலான கீபோர்டுகளில் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு ரப்பர் குமிழ் இருக்கும். அதற்குள் இரண்டு கார்பன் பொட்டுகள். அவற்றுக்கு நேர் கீழே போர்டில் இரண்டு கார்பன் தளங்கள். கட்டை இறங்கும்போது முதல் பொட்டு தொடும், சற்று நேரம் கழித்து இரண்டாவது தொடும். அந்த இடைவெளி எவ்வளவு குறைவோ அவ்வளவு வேகமாக அடித்தீர்கள் என்று மூளை கணக்கிட்டு, ஒலியைக் கூட்டும். இது புரிந்தால் அறிகுறிகளும் புரியும். முதல் பொட்டில் தூசி இருந்து அது தாமதமாகத் தொட்டால், இடைவெளி கிட்டத்தட்ட இல்லாமல் போகும். மெல்லத் தொட்டாலும் அந்த ஸ்வரம் மட்டும் அலறும். இரண்டாவது தொடவே இல்லையென்றால் ஊமை. மிடி திரையில் பாருங்கள்: மெல்ல அழுத்தியும் ஒரு கட்டை மட்டும் 127 காட்டினால் குற்றவாளி முதல் பொட்டு.

சுத்தம் செய்வது எளிது, கெடுப்பதும் எளிது. ரப்பர் பட்டையைக் கழற்றி, பஞ்சுக் குச்சியில் ஆல்கஹால் தொட்டு, பொட்டையும் போர்டின் தளத்தையும் மெல்ல ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள். கறுப்பாகப் பஞ்சில் வருவது அழுக்கு மட்டுமல்ல, கார்பனும்தான். உப்புத்தாள், கத்தி முனை, மசகு எண்ணெய் ஸ்பிரே எதுவும் கிட்டே வரக் கூடாது. முழுதாகக் காய்ந்த பிறகே மூட வேண்டும். அதன் பிறகும் ஒரு கட்டை பிடிவாதம் பிடித்தால், அந்தப் பொட்டின் மேல் மீட்டர் முனைகளை வைத்து ஓம் அளவைக் குறியுங்கள்; பிறகு யாரும் அதிகம் தொடாத ஓரத்துக் கட்டையின் பொட்டை அதேபோல அளந்து ஒப்பிடுங்கள். பல மடங்கு வித்தியாசம் இருந்தால் பொட்டு தேய்ந்துவிட்டது. அந்த ரப்பர் பட்டையை மாற்றலாம். கிடைக்கவில்லை என்றால் மின்கடத்தும் கார்பன் பெயின்டை மெல்லிய ஒரு பூச்சாகப் பூசலாம்.

ரப்பர் பட்டையைத் திரும்ப மாட்டும்போதுதான் புதுப் பழுதுகள் பிறக்கின்றன. பட்டையின் அடியில் சிறு காம்புகள் இருக்கும். அவை போர்டின் ஓட்டைகளில் முழுதாக இறங்க வேண்டும். கூர்மையில்லாத பல் குச்சியால் ஒவ்வொன்றையும் அழுத்தி இறக்குங்கள். கூரான ஊசி ரப்பரைக் கிழித்துவிடும். ஒரு காம்பு மட்டும் தூக்கியிருந்தாலும் அந்த இடத்துக் கட்டை இரட்டையாக அடிக்கும் அல்லது பாதி அழுத்தத்திலேயே ஒலிக்கும். குமிழ்களுக்கு நடுவே பட்டையின் அடியில் காற்றுப் போகும் வாய்க்கால் இருக்கும். யாராவது பசையைத் தடவி ஒட்டியிருந்தால் வாய்க்கால் அடைபட்டு, கட்டை கல்லாக இறுகும் அல்லது மெதுவாக எழும். பசை வேண்டாம். அது காம்பாலேயே நிற்கும்படி செய்யப்பட்டது.

எல்லாக் கீபோர்டும் ரப்பர் அல்ல. 1983-இன் யமஹா டிஎக்ஸ்7-இல் மெல்லிய உலோக இலைகள்தான் தொடுமுனை. அவற்றை விரலால் நிமிர்த்தப் பார்த்தால் அழுத்த உணர்வே மாறிவிடும். 1991-இன் ரோலண்ட் ஜேடி-800-இல் கட்டைகளின் உள்ளே எடைக்காக வைத்த இரும்பை ஒட்டிய சிவப்புப் பசை, காலப்போக்கில் இளகி ஒழுகும். அது தொடுமுனைகளின் மேல் படிந்திருந்தால் எத்தனை முறை துடைத்தாலும் பழுது திரும்பும். பசையை முழுதாக எடுத்த பிறகே மற்ற வேலை.

ஒரு கட்டை அல்ல, பல கட்டைகள் ஊமை என்றால் எது எது என்று எழுதுங்கள். அந்த வரிசையே பழுதைக் காட்டிக்கொடுக்கும். 61 கட்டைக்கு இரண்டிரண்டு தொடுமுனை என்றால் 122. ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர் இழுக்க முடியாது. அதனால் 16 தடம் குறுக்காகவும் 8 தடம் நெடுக்காகவும் வைத்த கட்டம் போன்ற அமைப்பில், 24 தடங்களிலேயே அத்தனையையும் அடக்கிவிடலாம். கீபோர்டுக்குக் கீபோர்டு இந்த எண்ணிக்கை மாறும், தத்துவம் ஒன்றுதான். இதில் ஒரு தடம் அறுந்தால் என்ன ஆகும்? அடுத்தடுத்து ஆறு அல்லது எட்டுக் கட்டைகள் கூட்டமாகச் சாகும். அல்லது எட்டுக்கு ஒன்றாகச் சாகும். ஸி, ஜி ஷார்ப், அடுத்த ஆக்டேவின் ஈ, அதற்கடுத்த ஸி என்று ஊமைகள் வந்தால் அது எட்டின் வரிசை. ஸி, எஃப் ஷார்ப், ஸி, எஃப் ஷார்ப் என்றால் ஆறின் வரிசை. இப்படி ஒழுங்காக வரும் ஊமைகளுக்கு ரப்பரைத் துடைத்துப் பயனில்லை. ரிப்பன் கேபிளும் சால்டர் செய்த இடங்களும் போர்டில் முடிபோல விழுந்த விரிசலும்தான் சந்தேகத்துக்குரியவை.

தனி ஒரு கட்டை, ரப்பர் சுத்தம், ஆனாலும் ஊமை என்றால் அதற்குரிய சிறு கண்ணாடி டையோடைப் பாருங்கள். கேபிளைக் கழற்றிவிட்டு, மீட்டரை டையோடு அளவில் வைத்தால் ஒரு திசையில் 0.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும், மறு திசையில் எதுவும் காட்டக் கூடாது. இரு திசையிலும் ஒன்றுமில்லை என்றால் அறுந்தது. இரு திசையிலும் பூஜ்யம் என்றால் ஷார்ட். அப்போது வேறொரு அறிகுறியும் தெரியும், அதாவது மூன்று நான்கு கட்டைகளைச் சேர்த்து அழுத்தும்போது நீங்கள் தொடாத ஒரு ஸ்வரமும் கூட ஒலிக்கும்.

கட்டையோடு ஓடுகிறதா, எண்ணிக்கையோடு ஓடுகிறதா?

பழைய அனலாக் சின்தசைசர்களுக்கு இந்தக் கேள்வி மிக முக்கியம். ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப அழுத்துங்கள். ஆறு குரல் உள்ள கருவியில் (குரல் என்பது ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரத்தை ஒலிக்கும் சுற்று) ஒவ்வொரு ஆறாவது முறையும் ஒலி கம்மினால் அல்லது கரகரத்தால் அது கட்டையின் குற்றமல்ல, ஆறு குரல்களில் ஒன்று நோயுற்றிருக்கிறது. 1984-இன் ரோலண்ட் ஜூனோ-106 இதற்கு நல்ல உதாரணம். அதன் ஆறு குரல்களுக்கும் 80017ஏ என்ற எண் கொண்ட ஆறு சில்லுகள். அவற்றைப் போர்த்தியிருக்கும் எப்பாக்சி பூச்சு வயதாகி மின்கசிவை உண்டாக்குவதால் அவை கெடுகின்றன. கீ டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தியபடி ஆன் செய்தால் சோதனை நிலைக்குப் போகும். எந்தக் குரல் ஒலிக்கிறது என்று திரையில் எண் வரும். கம்மும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பழுது பார்த்த பிறகும் அதே எண் கம்மினால் மாற்றிய சில்லில் அல்லது அதன் சால்டரில் தேடுங்கள். வேறு எண் கம்மினால் இன்னொரு சில்லும் வயதுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம், உங்கள் வேலையில் தவறில்லை.

பட்டன்களில் ஒரு தொண்ணூறு பாகை

என்னிடம் வந்த ஒரு கீபோர்டு ஆன் செய்ததும் நேராகச் சோதனை நிலைக்குள் போய் நின்றது. முன்பு பழுது பார்த்தவர் பேனலில் தேய்ந்த பட்டன் சுவிட்சுகளை மாற்றியிருந்தார். நான்கு கால் உள்ள அந்தச் சிறு சுவிட்சில் கால்கள் இரண்டிரண்டாக உள்ளேயே இணைந்தவை. தொண்ணூறு பாகை திருப்பி மாட்டிவிட்டால் அது எப்போதும் அழுத்திய நிலையிலேயே இருக்கும். கீபோர்டு பாவம், யாரோ பட்டனைப் பிடித்துக்கொண்டு ஆன் செய்கிறார்கள் என்றே நினைக்கும். பேனல் பழுது பார்த்த பிறகு விசித்திரமாக நடக்கும் எந்தக் கீபோர்டிலும் ஒவ்வொரு சுவிட்சையும் அழுத்தாத நிலையில் பீப் பாருங்கள். பீப் அடித்தால் அதுதான்.

இரைச்சலும் மௌனமும்

ஸ்பீக்கரில் ஒலி இல்லை என்றால் ஹெட்போனில் கேளுங்கள். ஹெட்போனில் கேட்டால், ஹெட்போன் துளையின் உள்ளே இருக்கும் சிறு தகடுதான் காரணமாக இருக்கக்கூடும். பிளக்கைச் செருகும்போது விலகி ஸ்பீக்கரைத் துண்டிக்கும் தகடு அது. எடுத்த பிறகு திரும்ப ஒட்டாமல் நின்றுவிடும். ஆம்ப்ளிஃபையரையே சந்தேகித்து இரண்டு மாலைகளை இதில் இழந்திருக்கிறேன். ஒரு பிளக்கை இருபது முறை செருகி எடுத்தாலே சில நேரம் சரியாகும். இங்கே ஓர் எச்சரிக்கை: பல சிறு கீபோர்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயரிலும் மின்னழுத்தம் இருக்கும், எதுவும் கிரவுண்டு அல்ல. ஒன்றைக் கிரவுண்டோடு தொட்டால் ஆம்ப்ளிஃபையர் ஐ.சி. உண்மையிலேயே போய்விடும்.

இரைச்சலுக்குக் காதே கருவி. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள ஊர்களில் 50-இல் ஓர் உறுமல், அல்லது அதன் இரட்டிப்பான 100-இல் உறுமல் வரும். 60 ஹெர்ட்ஸ் ஊர்களில் 60, 120. வேறொரு நல்ல கருவியில் ஒப்பிடுங்கள். ஜி1 ஸ்வரம் 49 ஹெர்ட்ஸ், ஜி2 98. பி1 ஏறத்தாழ 62, பி2 123. தாழ்ந்த ஸ்வரத்தோடு இரைச்சல் ஒட்டினால் கிரவுண்டு இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. கழற்றும்போது எடுத்த கிரவுண்டு ஒயர், போர்டை உலோகத் தகட்டோடு பிணைக்கும் திருகு, ஷீல்டு ஒயரின் வலை ஆகியவற்றைப் பாருங்கள். இரட்டிப்பு ஸ்வரத்தோடு ஒட்டினால் பவர் சப்ளையின் வடிகட்டும் கப்பாசிட்டர் சோர்ந்திருக்கும் அல்லது அதன் கால் சரியாகப் பற்றியிருக்காது. வால்யூமைக் குறைத்தாலும் இரைச்சல் குறையவில்லை என்றால் கோளாறு வால்யூமுக்குப் பின்னால், குறைந்தால் முன்னால். வால்யூமைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் கான்டாக்ட் கிளீனரை உள்ளே விட்டுப் பத்து இருபது முறை முழுதாகத் திருப்புங்கள்.

நினைவு பேட்டரி பற்றி ஒரு வார்த்தை. 1988-இன் கோர்க் எம்1 போன்றவற்றில் உள்ள நாணய பேட்டரி தீர்ந்தால் ஒலிகள் அழியும், அவ்வளவுதான். ஆனால் 1981-இன் கோர்க் பாலிசிக்ஸில் இருக்கும் நிக்கல் காட்மியம் பேட்டரி ஒழுகிப் போர்டின் தடங்களைத் தின்றுவிடும். பேட்டரியை மட்டும் மாற்றி, ஒழுகியதைக் கழுவாமல் விட்ட போர்டுகளில் அரிப்பு தொடரும். வினிகரால் துடைத்து, ஆல்கஹாலால் கழுவி, தின்றுபோன தடங்களைச் சன்ன ஒயரால் இணைக்க வேண்டும்.

வந்து வந்து போகும் பழுது

சூடானதும் வரும், ஆறியதும் போகும் பழுதுதான் மிகவும் சோதிக்கும். மூடியைத் திறந்து, ஓடவிட்டு, மின்கடத்தாத பிளாஸ்டிக் குச்சியால் ஒவ்வொரு இடமாக மெல்லத் தட்டுங்கள். சுவர் மின்சாரப் பகுதியை விட்டுவிடுங்கள். தட்டும் இடத்துக்கேற்ப ஒலி விட்டு வந்தால் அங்கே டிரை சால்டர். தட்டிப் பயனில்லை என்றால் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு சிறு பகுதிக்கு மட்டும் காட்டுங்கள். புதிதாக சால்டர் செய்த இடங்களையே முதலில் சூடாக்குங்கள். அந்த இடத்தைக் கண்டுபிடித்ததும், பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். பழையதன் மேல் ஈயத்தைக் குவித்தால் விரிசல் உள்ளேயே இருக்கும். சால்டர் செய்த பிறகு மிஞ்சும் பிளக்ஸை (ஈயம் ஒட்ட உதவும் பசை) கழுவிவிடுங்கள்.

மூடியை மூடும்போது

திருகுகள் எல்லாம் ஒரே நீளம் அல்ல. நீளத் திருகு ஒன்று குட்டைத் திருகின் இடத்தில் போனால் போர்டின் தடத்தைத் தொடும், அல்லது கட்டையின் அடியில் முட்டி அதை இறங்கவிடாமல் செய்யும். மூடி திறந்திருக்கும்போது எல்லாம் சரி, மூடியதும் பழுது என்றால் இதைத்தான் பார்க்க வேண்டும், அல்லது மூடிக்கும் போர்டுக்கும் நடுவே நசுங்கும் ஒயரை. பிளாஸ்டிக் குழிகளில் திருகை முதலில் எதிர்த்திசையில் சுற்றுங்கள்; 'டக்' என்று பழைய மரையில் விழும், அப்புறம் முறுக்குங்கள். எல்லாத் திருகையும் பாதி முறுக்கி, கட்டைகளை ஒரு முறை முழுதாக வாசித்துப் பார்த்துவிட்டு, மீதியை முறுக்குவது என் வழக்கம்.

பிறகு ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். 61 கட்டையையும் மெல்ல ஒரு முறை, பலமாக ஒரு முறை அழுத்தி, மிடி திரையில் எண்களைப் பாருங்கள். ஒவ்வொரு பட்டனும், பெடலும், ஹெட்போனும் ஒரு சுற்று. எல்லாம் சரியாக இருந்தால், அளந்த வோல்ட் அளவுகளையும் மாற்றிய பாகங்களையும் தேதியோடு ஒரு தாளில் எழுதி, அடி மூடியின் உட்புறத்தில், எந்தப் போர்டையும் தொடாத இடத்தில் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை அதைத் திறக்கும் கை, உங்களுடையதோ வேறொருவருடையதோ, எங்கே தொடங்குவது என்று தெரிந்துகொள்ளும்.